குறும்படத்துக்கு ஒலியும் இசையும் அமைத்தல்: பூச்சந்தை முதல் இறுதிக் கலவை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் என்னிடம் கொண்டுவரும் பென்டிரைவில் பெரும்பாலும் இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்று, தொகுத்து முடித்த படம். மற்றொன்று, "இதே மாதிரி ஒன்று போட்டுக் கொடுங்கள் அண்ணே" என்ற வேண்டுகோளோடு வரும், எங்கிருந்தோ இறக்கிய ஒரு பின்னணி இசை. படத்தைத் திறந்து பார்த்தால் பேச்சு அமுங்கிக் கிடக்கும். ஒரு காட்சியின் இரைச்சல் அடுத்த காட்சியின் வாசலில் கத்தரித்தாற்போல் அறுந்து நிற்கும். இரண்டையும் மறைப்பதற்காக முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை ஒரு வயலின் அழுதுகொண்டிருக்கும். இசை என்பது ஓட்டையை அடைக்கும் சாந்து என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான வரிசையில் செல்கிறது. முதலில் பேச்சு, அடுத்து இடத்தின் ஓசை, அதன் பிறகு செயல்களின் ஓசை. இந்த மூன்றும் அமைந்து, இசையே இல்லாமல் படத்தை ஒரு முறை முழுதாகப் பார்க்க முடிகிறது என்ற நிலை வந்த பிறகே இசை. எளிதில் விளங்குவதற்காக ஒரே படத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஒன்பது நிமிடக் குறும்படம். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விடியலுக்கு முன் மல்லிகை வாங்கி, டவுன் பஸ்ஸில் ஏறி, தெற்குமாசி வீதியோரம் அமர்ந்து கட்டி விற்கும் ஓர் அம்மா. நடுவே ஒரு டீக்கடை. வெளியூரில் இருக்கும் மகளிடமிருந்து வரும் ஒரு கைப்பேசி அழைப்பு. கடைசியில் இரவு, வீடு. பேச்சு மிகக் குறைவு, ஆகவே ஒலிக்கு வேலை மிக அதிகம்.

1. படம் பூட்டப்பட்டதா?

தொகுப்பு முற்றிலும் முடிந்து, இனி ஒரு ஃபிரேம்கூட மாறாது என்று இயக்குநர் உறுதி கூறும் நிலையைத் துறையில் பிக்சர் லாக் என்கிறார்கள். அந்த உறுதியை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை நான் முழு இசையையும் கோத்து முடித்த பிறகு, "சின்ன வெட்டுதான்" என்று நான்காம் நிமிடத்தில் 11 ஃபிரேமை எடுத்துவிட்டார்கள். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 11 ஃபிரேம் என்பது அரை விநாடிக்கும் குறைவுதான். ஆனால் அந்த இடத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு தட்டும் அரை விநாடி பிந்தி விழுந்தது, மூன்று இரவுகள் அதிலேயே போயின.

தொகுப்பாளரிடமிருந்து மூன்று பொருள்கள் வர வேண்டும். டைம்கோட், அதாவது ஓடும் நேர எண், திரையிலேயே தெரியும்படி எடுத்த வீடியோ. படப்பிடிப்பில் பதிவான மூல ஒலித்துண்டுகள், முன்னும் பின்னும் ஓரிரு விநாடி கூடுதலாக, துண்டுகளை இடம் மாறாமல் வேறு மென்பொருளுக்குக் கொண்டுசெல்லும் ஏஏஎஃப் அல்லது ஓஎம்எஃப் வடிவில். படம் 24 ஃபிரேமா 25 ஃபிரேமா என்ற தெளிவான பதில். உங்கள் கோப்பை 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்துக்கொள்ளுங்கள். 44,100 என்பது குறுந்தகட்டுக்கு வந்த அளவு, வீடியோவுக்கு உரியதன்று.

மென்பொருள் எது என்று முதலிலேயே கேட்பவர்கள் உண்டு. எது கைக்குப் பழகியிருக்கிறதோ அதுவே போதும். புதிதாகத் தொடங்குவோர் ரீப்பரில் தொடங்கலாம். 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்க விடுகிறார்கள், அதன் பிறகான விலையும் மாணவர் கைக்கு எட்டக்கூடியது. டாவின்சி ரிசால்வில் தொகுத்தவர்களுக்கு அதற்குள்ளேயே ஃபேர்லைட் என்ற ஒலிப்பகுதி இருக்கிறது. விலை உயர்ந்த மைக் வாங்குவதற்கு முன்பு, காதை முழுவதும் மூடும் ஒரு நல்ல ஹெட்போனையும் காற்றைத் தடுக்கும் ரோமக் கவசத்துடன் கூடிய ஒரு கையடக்க ரெக்கார்டரையும் வாங்குங்கள்.

2. ஒலிப் பட்டியல்: இதைக் கேட்பது யாருடைய காது?

இயக்குநரோடு உட்கார்ந்து, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்த விநாடியில் என்ன கேட்க வேண்டும் என்று எழுதும் வேலைக்கு ஸ்பாட்டிங் என்று பெயர். ஒலி அமைப்பில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது என்பேன். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

முதல் சுற்றில் ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டுப் பாருங்கள். கண் தானாக எதை எதிர்பார்க்கிறது என்பது அப்போது தெரியும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு காட்சிக்கும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், திரையில் தெரியும் ஓசைகள், திரையில் தெரியாமலே இருக்க வேண்டிய ஓசைகள், அவற்றைக் கேட்பவர் யார் என்பது. கடைசிச் செய்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பூச்சந்தைக்கு முதன்முதலாக வரும் வெளியூர்க்காரருக்கு அங்கே ஏலக் குரல் முகத்தில் அறையும். முப்பது ஆண்டாக அங்கே வந்துபோகும் அம்மாவுக்கு அந்தக் குரல் காற்றைப் போல, இருப்பதே தெரியாது. அவருக்குக் கேட்பது தராசுத் தட்டு தரையில் உட்காரும் ஓசை, ஏனென்றால் அவருடைய காசு அதில் இருக்கிறது. ஆகவே அந்தக் காட்சியில் கூட்டத்தின் இரைச்சலைத் தணித்துத் தராசை முன்னே கொண்டுவர வேண்டும். அளவில் இது சிறிய முடிவு; ஆனால் அந்த அம்மா யார் என்பதைப் பார்வையாளர் ஒரு வசனமும் இல்லாமல் அறிந்துகொள்கிறார்.

இதில் நமக்கு ஒரு மூத்த ஆசிரியர் இருக்கிறார். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இந்த ஊரின் விடியலைச் சொல்லும்போது, அந்தணர் வேதம் ஓதுவது, யாழோர் மருதம் பண்ணுவது, கொட்டிலில் குதிரைகள் புல் மெல்லுவது, வீட்டுக் கதவுகள் ஒலியெழுப்பித் திறப்பது என்று வரிசையாகக் காதுக்கே எழுதிச் செல்கிறார். அந்தப் பட்டியலில் யாழுக்குக் கிடைத்திருப்பது ஓரிரு வரிகள்தான் என்பதைக் கவனியுங்கள்.

இசை வேண்டிய இடங்களைக் குறிக்கும்போது ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே இசை இல்லாவிட்டால் பார்வையாளருக்கு என்ன கிடைக்காமல் போகும்? பதில் வராத இடத்தில் இசை வேண்டாம். நம் எடுத்துக்காட்டில் நான்கு இடங்கள் தேறின. மொத்தம் இரண்டு நிமிடம் இருபது விநாடி. மீதி ஆறரை நிமிடத்துக்கும் மேல் இசையே கிடையாது என்றதும் இயக்குநர் முகம் வாடும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

தொகுப்பின்போது தற்காலிகமாகப் போட்டுப் பார்த்த இசையைப் பற்றியும் இந்த அமர்விலேயே பேசி முடித்துவிட வேண்டும். நூறு முறை அதையே கேட்டுக்கேட்டு இயக்குநரின் காது அதற்கு வாக்கப்பட்டிருக்கும். அந்த இசையில் அவருக்குப் பிடித்தது வேகமா, வாத்தியமா, அது நுழையும் இடமா என்று பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் நுழையும் இடம்தான். அதை வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் மாற்றிவிடலாம்.

3. பேச்சு

பேச்சு புரியவில்லை என்றால் மற்ற உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். படப்பிடிப்பிலேயே ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் அறையின் ஓசையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ரூம் டோன் எனப்படும் அந்த ஒரு நிமிடம், பிற்பாடு வசனத் துண்டுகளுக்கு இடையிலான பள்ளங்களை நிரப்பும் மண். தவறவிட்டால், வசனங்களுக்கு நடுவில் கிடைக்கும் அரை விநாடி, முக்கால் விநாடி அமைதிகளைப் பொறுக்கி ஒட்டவைக்க வேண்டியிருக்கும். செய்ய முடியும், பொறுமைதான் போய்விடும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள்களை அளவோடு பயன்படுத்துங்கள். தெருவோசையை முழுதும் துடைத்தால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகும். பாதி அளவு நீக்கிவிட்டு, எஞ்சியதை இடத்தின் ஓசையால் போர்த்திவிடுவதே நல்லது. மீண்டும் டப்பிங் பேச வைப்பதானால், நடிகரைப் படத்தில் எந்த நிலையில் பேசினாரோ அந்த நிலையிலேயே பேசச் சொல்லுங்கள். குனிந்து பூக் கட்டியபடி பேசுபவரின் மூச்சு, மைக்குக்கு முன் நிமிர்ந்து நிற்பவருக்கு வராது. மதுரைப் பேச்சில் வாக்கியத்தின் கடைசிச் சொல் நீண்டு மேலேறும் இயல்பு உண்டு. டப்பிங் அறையின் குளிரில் அதுதான் முதலில் காணாமற்போகிறது.

4. இடத்தின் ஓசை

தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஒலிப்பதிவாளருக்கு அது பெருமையன்று. இரவு இரண்டரை மணிக்கும் எங்காவது ஒரு கடையில் கொத்துபுரோட்டா கொத்திக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஊருக்குள் முழு அமைதியைத் தேடாதீர்கள். அமைதியான வெளி வேண்டுமானால் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்துக்கோ, 2022ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கோ, சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பாகப் போய்ச் சேருங்கள்.

பூச்சந்தைக் காட்சிக்குப் பதிவு செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரே இடத்தை மூன்று தூரங்களிலிருந்து பதிவு செய்ய வேண்டும். முதலாவது, சந்தைக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்து. இங்கே தனிக்குரல் எதுவும் கேட்காது, ஒரு முழக்கம் மட்டும் கேட்கும். இரண்டாவது, கடைகளுக்கு நடுவே, மார்பு உயரத்தில். ஏலக் குரல், சாக்கு இழுபடும் ஓசை, சிரிப்பு எல்லாம் வரும். மூன்றாவது, ஒரு முழம் தூரத்தில், ஒவ்வொரு பொருளாக: பூ மூட்டையை அவிழ்ப்பது, ஈரத்துணியை உதறுவது, தராசு, சில்லறை. ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து நிமிடம் ஓடட்டும். மிக உரத்த ஓசையும் கழித்தல் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். பதிவின் தொடக்கத்தில், "மாட்டுத்தாவணி, காலை நாலரை, கடைக்கு நடுவில், பத்தடி" என்று உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது உங்களுக்கே நன்றி சொல்வீர்கள்.

இங்கே இரண்டு கண்ணிகள் உள்ளன. பின்னணியில் ஒரு வாக்கியம் தெளிவாகப் புரிந்துவிட்டால், காது அதை வசனமாக எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போய்விடும். அத்தகைய வாக்கியங்களை வெட்டிவிட வேண்டும். அதேபோல், தனித்துத் தெரியும் ஓர் ஆரனோ குயிலோ உள்ள துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டால், மூன்றாம் முறை பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாவதான ஒரு தொல்லை நம் ஊருக்கே உரியது: குழாய் ஸ்பீக்கர். ஆடி மாதத்திலும் பங்குனியிலும் எந்தத் தெருவில் மைக்கை நீட்டினாலும் ஒரு சினிமாப் பாட்டு உள்ளே வந்துவிடும். அந்தப் பாட்டு பதிவில் இருந்தால் அந்தப் பதிவை வெட்டி ஒட்ட முடியாது. பாட்டின் அடி அறுபடுவது எல்லோருக்கும் தெரிந்துவிடும். உரிமைச் சிக்கலும் வரும். படப்பிடிப்பு நாளை முடிவு செய்யும்போதே அந்தப் பகுதியில் திருவிழா இருக்கிறதா என்று விசாரியுங்கள். கோயில் மணி வேண்டுமானால், மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசியே அனுமதிக்கப்படுவதில்லை என்பதால், சித்திரை வீதியில் மதிலுக்கு வெளியே நின்று பதிவு செய்யுங்கள். கல்லைக் கடந்து வரும் அந்த மங்கிய மணியோசைதான், வீதியில் பூ விற்கும் நம் அம்மாவுக்கும் கேட்பது.

தூரத்தைப் பற்றி ஒரு கணக்கு. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அதாவது 24 ஃபிரேம் படத்தில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 14 மீட்டர். வைகைப் பாலத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி ஆற்றுக்குள் ஒருவர் முரசு அறைவதைப் படமெடுத்தால், உண்மையில் ஓசை 14 ஃபிரேம் பிந்தித்தான் வரும். திரையில் அப்படியே விட்டால் பிழை என்று நினைப்பார்கள். துல்லியமாகப் பொருத்தினால் முரசு பக்கத்தில் இருப்பது போலாகும். நான் இரண்டு அல்லது மூன்று ஃபிரேம் மட்டும் பிந்த விடுகிறேன், கூடவே உயர் அலைவரிசை ஓசைகளைக் குறைத்துவிடுகிறேன். அண்மையில் நடக்கும் செயல்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. தம்ளர் மேசையில் படும் ஃபிரேமிலேயே ஓசையும் வர வேண்டும்.

5. செயல்களின் ஓசை

நடிகரின் காலடி, உடை, கைப்பொருள் ஆகியவற்றின் ஓசையைப் படத்தைப் பார்த்தபடி மீண்டும் நிகழ்த்திப் பதிவு செய்யும் கலைக்கு, ஹாலிவுட்டில் அதை வளர்த்த ஜாக் ஃபோலியின் பெயரால் ஃபோலி என்று பெயர். வீட்டில் மின்விசிறியையும் பிரிட்ஜையும் அணைத்துவிட்டு, மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டால் ஃபோலி அறை தயார். முடித்ததும் பிரிட்ஜை மறுபடி போட மறக்காதீர்கள். மறந்து ஒரு பாத்திரம் பாலைப் பாழாக்கியவன் சொல்கிறேன்.

உண்மையான பொருள் உண்மையான ஓசையைத் தரும் என்று நம்ப வேண்டாம். பூக் கட்டும் காட்சியில் மல்லிகையும் வாழைநாரும் விரலும் சேர்ந்து எழுப்பும் ஓசை கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. நாரை நீரில் ஊற வைத்து, மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இரு விரலிடையே வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு இறுகும் ஓசை கிடைத்தது. உள்ளங்கையில் பூவை அள்ளும் ஓசைக்கு மல்லிகை உதவவில்லை. முருங்கைக் கீரையைக் காம்பிலிருந்து உருவியபோதுதான் அந்த மென்மையான சலசலப்பு வந்தது. மாட்டின் குளம்போசைக்குக் கொட்டாங்கச்சி பழைய உத்திதான் என்றாலும், அதை வெறுந்தரையில் தட்டாமல், தாம்பாளத்தில் பரப்பிய வண்டல் மண்ணின் மேல் தட்டுங்கள். அலங்காநல்லூர் வாடிவாசலில் மாடு மண்ணில்தான் ஓடுகிறது, கல்லில் ஓடுவதில்லை.

காலடிகளைத் தனித் தடத்திலும், உடையின் சரசரப்பைத் தனித் தடத்திலும், பொருள்களைத் தனித் தடத்திலும் வையுங்கள். எல்லாச் செயலுக்கும் ஓசை தர வேண்டியதில்லை. கதைக்கு எது வேண்டுமோ அதற்கு மட்டும் தந்தால் போதும்.

6. இசை: முதலில் சுருதி

படத்தின் சுருதியை யாரும் கீபோர்டில் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் படத்துக்குள்ளேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். டீக்கடைக் காட்சிக்கு 5 கட்டைச் சுருதியில் ஒரு தம்புரா மீட்டலை அடியில் வைத்து, அதன் மேல் ஒரு மெட்டு போட்டிருந்தேன். தனியாகக் கேட்டால் நன்றாக இருந்தது. படத்தோடு சேர்த்தால் விநாடிக்கு இரண்டு முறை ஏதோ ஒன்று அலையலையாகத் துடித்தது. மைக்கைக் குறை சொன்னேன், ஸ்பீக்கரைக் குறை சொன்னேன். மூன்றாம் நாள் ஒவ்வொரு தடமாக அணைத்துப் பார்த்தபோது, கடையின் பழைய டியூப்லைட் சோக்குதான் காரணம் என்று தெரிந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக்கின் இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை அதிர்வதால் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸில் எழுகிறது. என் 5 கட்டையின் கீழ் ஷட்ஜமம், அதாவது ஆதாரச் சுரமான ச, 98 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு ஹெர்ட்ஸ்தான் துடிப்பு.

ரீங்காரத்தை வடிகட்டி எடுத்திருக்கலாம். ஆனால் அதை எடுத்ததும் கடை செத்துப்போனது. ஆகவே இசை முழுவதையும் 35 சென்ட் மேலே ஏற்றினேன், அதாவது அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அவ்வளவுதான், விளக்கின் ரீங்காரமே தம்புராவின் மந்தர ஷட்ஜமமாகிவிட்டது, இசை எப்போது நுழைந்தது என்பதே தெரியவில்லை. அன்றிலிருந்து மெட்டு போடுவதற்கு முன், ஒவ்வொரு காட்சியின் ஓசையிலும் நிலையாக ஒலிக்கும் சுரம் ஏதும் உண்டா என்று அலைவரிசை காட்டும் கருவியில் பார்த்துவிடுகிறேன். கிரைண்டர், ஏசி, பஸ் எஞ்சின், கோயில் மணி எல்லாவற்றுக்கும் சுரம் உண்டு. நாகஸ்வரம் போன்ற, சுருதியை வேண்டியபடி மாற்ற முடியாத வாத்தியம் வருவதானால் மட்டும் வாசிப்பவரின் நாயனம் எத்தனை கட்டை என்பதை முதலில் கேட்டு, மற்றவற்றை அதற்கு இணங்கச் செய்ய வேண்டும்.

அடுத்து நடை

மகளின் அழைப்புக்குப் பிறகு இசை தொடங்குகிறது, சரியாக 17.5 விநாடி கழித்து அம்மா திரும்பிப் பார்க்கிறார். அந்தத் திரும்புதலில் ஒரு சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி, விழ வேண்டும். இதற்கான கணக்கு எளிது: விநாடிகளை நிமிடத்துக்கான தட்டுகளால் பெருக்கி 60ஆல் வகுத்தால், எத்தனை தட்டு கழிகிறது என்று தெரியும். வேகம் 72 என்றால் 17.5 விநாடிக்கு 21 தட்டு. 24 ஃபிரேம் படத்தில் ஒரு தட்டுக்கு மிகச் சரியாக 20 ஃபிரேம், ஆக மொத்தம் 420 ஃபிரேம், எதுவும் மிச்சமில்லை. ஆனால் நாலு நாலாக எண்ணினால் 21 தட்டு கழிந்து வரும் அடி, ஆறாம் சுற்றின் இரண்டாம் அடியாகிவிடும். சமம் தப்பிவிட்டது.

பலரும் இங்கே வேகத்தை மாற்றுவார்கள். 20 தட்டாக்க வேகத்தை 68.57ஆகக் குறைக்கலாம், 24 தட்டாக்க 82.29ஆகக் கூட்டலாம். முன்னதில் அம்மாவின் நடை தளரும், பின்னதில் பதறும். நம்மிடம் வேறு வழி இருக்கிறது: வேகத்தை விட்டுவிட்டுத் தாளத்தை மாற்றுவது. 21 என்பது மூன்று ஏழு. ஏழு தட்டுக்கு ஒரு சுற்றான மிஸ்ர சாபு தாளத்தில் மூன்று ஆவர்த்தனம் (சுற்று) முடிந்து, நான்காவதன் சமம் மிகச் சரியாக அம்மா திரும்பும் ஃபிரேமில் விழுகிறது. தவிர, ஏழின் நடையில் இயல்பாகவே உள்ள ஒரு தயக்கம், அழைப்பை முடித்துவிட்டு நடக்கும் ஒருவரின் காலுக்குப் பொருந்துகிறது. கணக்குப் போடும்போது மூன்று, ஐந்து, ஏழு ஆகிய மூன்றாலும் ஒரு முறை வகுத்துப் பாருங்கள். நாலில் அடங்காத பல காட்சிகள் அவற்றில் அடங்கும்.

வாத்தியம்

கிராமம் என்றால் புல்லாங்குழல், சோகம் என்றால் முகாரி அல்லது சுபபந்துவராளி, கோயில் என்றால் மங்கள இசை என்ற சூத்திரங்கள் கைவசம் இருப்பதால்தான் எல்லாக் குறும்படங்களும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. இந்தப் படத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை உறுமியும் ஒரு பெண் குரலின் ஹம்மிங்கும் மட்டுமே. உறுமியை அடிப்பதை விட்டுவிட்டு, வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் ஒன்றையே பயன்படுத்தினேன்; அது ஊரின் ஓசைக்கும் இசைக்கும் நடுவில் நிற்கிறது.

இந்தப் பகுதியின் கலைஞர்களை அழைத்து நேரடியாகப் பதிவு செய்வோருக்குச் சில குறிப்புகள். பறையும் தப்பும் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றப்படுபவை. நேரம் ஆக ஆகத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் காய்ச்ச நேரம் கொடுக்காவிட்டால், இரண்டு டேக்குகளை வெட்டிச் சேர்க்க முடியாது. நாகஸ்வரம் திறந்த வெளிக்காக உருவான வாத்தியம்; சின்ன அறையில் மைக்கை அணைசின், அதாவது விரிந்த அடிப்பகுதியின், வாய்க்கு நேரே வைத்தால் காது கூசும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள். தவிலுக்கு இரு பக்கமும் தனித்தனி மைக் வேண்டும். கூடு மாட்டிய விரல்கள் பேசும் வலந்தலையும், கழி பேசும் தொப்பியும் வெவ்வேறு வாத்தியங்கள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அடி எந்தச் சடங்குக்கு உரியது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சாவு வீட்டு அடியைத் திருமணக் காட்சிக்குப் போட்டுவிட்டுத் தாளம் நன்றாக இருந்தது என்று சொல்லும் படங்களை நம் ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

7. கலவை

பேச்சை முதலில் நிலைநிறுத்துங்கள். மற்ற எல்லாம் அதற்குக் கீழே அமையட்டும். மெய்யெழுத்துகளின் தெளிவு ஏறத்தாழ 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அதே வட்டாரத்தில் வயலினோ குழலோ போட்டி போட்டால், ஒலியளவைக் குறைப்பதற்குப் பதிலாக அந்தப் பகுதியை மட்டும் இசையில் மூன்று நான்கு டெசிபல் தணித்துப் பாருங்கள்.

பெரும்பாலானோர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள், அதன் சிறு ஸ்பீக்கரில் அடிக்குரல் ஓசைகள் அநேகமாக வராது. என் உறுமியின் உறுமல் முதல் சோதனையில் முற்றிலும் காணாமற்போய், அந்த இடத்தில் வெறும் அமைதி இருந்தது. மெல்லிய சிதைவை (டிஸ்டார்ஷன்) சேர்த்து மேல் அதிர்வுகளை எழுப்பிய பிறகே அது கேட்டது. ஆகவே கலவையை ஹெட்போனிலும், வீட்டு டிவியிலும், கைப்பேசியிலும், ஓடும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தும் கேட்டுப் பாருங்கள். இரு தடங்களையும் ஒன்றாக்கி மோனோவிலும் ஒரு முறை கேளுங்கள். அகலப்படுத்திய ஓசைகள் அங்கே ஒன்றையொன்று தின்றுவிடக்கூடும்.

ஒலியளவுக்கு இலக்குகள் உண்டு. யூடியூப் ஏறத்தாழ கழித்தல் 14 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சராசரி ஒலியளவின் அலகு) அளவைத் தாண்டியதைத் தானே தணித்துவிடுவதால், அதற்கு மேல் அழுத்தி ஏற்றுவதால் பயன் இல்லை. உச்சத்தைக் கழித்தல் 1 டெசிபலில் நிறுத்துங்கள். ஐரோப்பிய ஒளிபரப்பு அளவு கழித்தல் 23. திரையரங்கு வேறு உலகம். அங்கே திரைப்பக்க ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 85 டெசிபலுக்கு அளந்து வைக்கப்பட்ட அறையில் கலவை செய்யப்படுகிறது. யூடியூபுக்குச் செய்த கலவையை அப்படியே திரைப்பட விழாவுக்கு அனுப்பினால் அரங்கில் காதை அடைக்கும். விழாவுக்குத் தனிக் கலவை, இணையத்துக்குத் தனிக் கலவை என்று தொடக்கத்திலேயே கூலியில் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

8. உரிமையும் ஒப்படைப்பும்

தியாகராஜர் கீர்த்தனைக்கு இன்று உரிமை கோருவார் இல்லை. ஆனால் அதை ஒருவர் பாடிய ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பழைய பாட்டுதானே என்று எடுத்துப் போட்டுவிட முடியாது. உங்கள் சொந்த இசைக்கும் இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கு இசையமைப்பாளருக்குச் சேர வேண்டிய ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்து இழக்கவும் முடியாது. "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்ற ஒற்றை வரியில் கையெழுத்திடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

ஒப்படைக்கும்போது முழுக் கலவையோடு பேச்சு, இசை, ஓசைகள் ஆகிய மூன்றையும் ஒரே நீளத்தில் தனித்தனி வேவ் கோப்புகளாகக் கொடுங்கள். வேறு மொழியில் டப்பிங் செய்ய நேர்ந்தால் பேச்சை மட்டும் எடுத்துவிட்டுப் பயன்படுத்த அவை உதவும். எல்லாக் கோப்புகளின் முன்னும், படத்தின் முதல் ஃபிரேமுக்குச் சரியாக இரண்டு விநாடி முன்பாக, ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1,000 ஹெர்ட்ஸ் பீப் ஒன்று இருக்க வேண்டும். தொகுப்பாளர் அதைத் தன் படத்தில் அதே இடத்தில் வைத்துப் பொருத்திக்கொள்வார். அவர் பொருத்தி எடுத்த இறுதிப் படத்தை அனுப்பச் சொல்லி, எட்டாம் நிமிடத்துக்குப் போய், டீ தம்ளர் மேசையில் படும் ஃபிரேமை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அங்கே பொருந்தியிருந்தால் ஒலி நழுவவில்லை. கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் படியெடுத்து வைத்துவிட்டு, மீதிப் பணத்துக்கான ரசீதை எழுதலாம்.